தீப்பட்ட பூமியிற் கூடுகட்டும் பறவைகள்

செங்கற்பட்டு ஜில்லாவின் கடலோரத்தில், கோவளத்திலிருந்து தெற்கே திருவிடந்தை, வடநெம்மேலி வழியாக மாமல்லபுரம் வரையில், கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையே கிடக்கும் பூமி பெரும்பாலும் மணற்பாங்கானது. சவுக்குத் தோப்புகளும், பனை வரிசைகளும், ஈச்சை, காரை, சூரை, களா முதலியவை மண்டிய புறம்போக்குகளும், இடையிடையே மணிலாக்கொட்டை விதைக்கும் கொல்லைகளும் அங்கே கலந்து காணப்படும். அண்மைக் காலத்தில் வீட்டுமனைகளும் விடுதிகளும் இதிற் பெரும்பகுதியை விழுங்கிவிட்டனவாயினும், எஞ்சிய பூமியின் இயல்பு முற்றும் மாறிவிடவில்லை. இப்பகுதிக்கு மழை தருவது முக்கியமாக வடகிழக்குப் பருவக்காற்று. தை பிறந்தபின் மழை அரிது. மாசியிற் புல் காய்கிறது. பங்குனி சித்திரையில் அது சருகாகி, ஒரு தீப்பொறிக்குக் காத்துக் கிடக்கிறது.

அந்தத் தீப்பொறி பல வழிகளில் வந்து சேரும். வழிப்போக்கன் எறிந்த பீடித்துண்டு, குப்பைமேட்டிலிருந்து பறந்த கனல், வெட்டிய தோப்பில் மிலாறு பொறுக்கியபின் எஞ்சிய சருகுக்கு வைத்த நெருப்பு, இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். பிற்பகற் கடற்காற்று எழுந்தவுடன் தீ மேற்கே ஓடும். இரண்டு மூன்று நாழிகைக்குள் சில ஏக்கர் பூமி கரிந்து கருப்பாகிவிடும். இத்தகைய கருநிலத்தில், சாம்பல் ஆறுவதற்குள்ளாகவே பறவைகள் வந்து இறங்குவதையும், ஒரு மாதத்திற்குள் அவற்றிற் சில அங்கேயே முட்டையிட்டு அடைகாப்பதையும் கண்டு வியப்படையாத குடியானவர் இல்லை. உயிரினங்களை விரட்டிய இடமே உயிரினங்களை அழைப்பது எவ்வாறு? இதன் காரணத்தை அறிவது விவசாயிக்கு வேடிக்கைக்காக மட்டும் அன்று. அவனது கோடை உழவும் மணிலாப் பயிரும் இதனோடு தொடர்புடையன.

தீயில் அழிவதும் பிழைப்பதும்

முதலில் தீ எதை அழிக்கிறது, எதை விட்டுவைக்கிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். புல்லில் ஓடும் தீ வேகமானது. ஆனால் ஆழமாகச் சுடுவதில்லை. மேல்மண்ணிற்கு ஓரிரு அங்குலத்தின் கீழே வெப்பம் வெகுவாகக் குறைந்துவிடும். ஆகையால் அறுகு, கோரை போன்றவற்றின் கிழங்கும் வேரும் சாவதில்லை. முதல் தூற்றல் விழுந்தவுடன் தளிர்விடும். ஈச்சம்புதர் மேலெல்லாம் கரிந்தாலும் நடுக்குருத்துத் தப்பிவிடுகிறது. பனையின் தன்மை இன்னும் விசேஷமானது. மா, வேம்பு முதலிய மரங்களுக்குப் பட்டையின் அடியில் உயிர்நாடியான ஒரு மெல்லிய படை சுற்றிலும் உள்ளது; அது முழுவளையமாகச் சுடப்பட்டால் மரம் பட்டுப்போகும். பனைக்கு அத்தகைய படை கிடையாது. நீரும் சத்தும் செல்லும் நார்க்குழல்கள் தண்டு முழுவதும் பரவிக் கிடப்பதால், அடியிற் கரியேறிய பனை அடுத்த ஆண்டும் நுங்கு தரும். குருத்தோ, தீ நாக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. வளராத வடலியும் தப்புவதற்கு வேறொரு காரணம் உண்டு. பனங்கொட்டை முளைக்கும்போது முளையை நேரே மேலே விடாமல், ஒரு குழல் வழியாகப் பூமிக்குள் ஆழமாக இறக்கிய பின்னரே இலை விடுகிறது. ஜனங்கள் தோண்டி அவித்துத் தின்னும் பனங்கிழங்கு இதுவே. தீக்கு அஞ்சிப் பனை தேடிக்கொண்ட ஒளிவிடம் மனிதனுக்குத் தின்பண்டமாயிற்று.

சவுக்கின் கதி இதற்கு நேர்மாறானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்காக இக்கரையிற் பெருக்கப்பட்ட இம்மரம் மணலுக்கும் உப்புக்காற்றுக்கும் அஞ்சாது; தீக்கு மட்டும் அஞ்சும். அதன் ஊசிச் சருகு எளிதில் மக்காமல் மெத்தைபோற் படிந்து கிடப்பதால், அங்கே நெருப்பு புல்தீயைப்போல் ஓடிக் கடந்துவிடாமல் நின்று எரிகிறது. அடிமரம் வெந்த சவுக்கு பெரும்பாலும் மறுபடி துளிர்ப்பதில்லை. ஆதலால் ஒரே தீயில் பனை நிற்க, சவுக்குச் சாய, புல் வேரோடு பிழைக்க, முன்பு அடர்ந்து மூடிக் கிடந்த இடம் வெட்டவெளியாகிறது.

தீ பூமிக்கு உரமாகிறது என்று கூறுவோர் உளர். சாம்பலில் பொட்டாசும் சுண்ணாம்புச் சத்தும் இருப்பது மெய்யே. ஆனால் சருகிலிருந்த தழைச்சத்தின் பெரும்பகுதியும், கந்தகச் சத்தின் ஒரு பகுதியும் ஆவியாய்ப் போய்விடுகின்றன. மணற்பாங்கான இடத்தில் மிஞ்சிய சாம்பலையும் காற்றும் மழையும் வாரிக்கொண்டு போகும். சவுக்கு தன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்த்துத் தருவது. அவ்வாறு பல ஆண்டுகளிற் சேர்ந்ததை ஒரு பிற்பகலில் வானத்திற்கு அனுப்புவது சிக்கனம் ஆகாது. பறவைகள் வருகின்றன என்பதற்காகத் தீயைப் புகழ வேண்டுவதில்லை.

முதலில் வருவோர்

தீ எரியும்போதே வருகிறவை இரை தேடும் பறவைகள். வெட்டுக்கிளி, பாச்சை, வண்டு, ஓணான் முதலியவை நெருப்புக்கு முன்னே ஓடும்போது கரிச்சானும், பனங்காடையும், கள்ளப்பருந்தும், உண்ணிக்கொக்கும் தீயின் ஓரத்திலேயே விருந்துண்ணும். பனங்காடை புகையைக் கண்டு தொலைவிலிருந்து வருவதைப் பறவை நூலோர் பல இடங்களிற் குறித்திருக்கின்றனர். இதே கள்ளப்பருந்து இனம் ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலும் உள்ளது. அங்கே அது எரியும் குச்சியை அலகாலோ காலாலோ எடுத்துச் சென்று தீப்படாத புல்லில் இட்டு, புதிய தீயை மூட்டி இரையை விரட்டுவதாக அந்நாட்டுப் பூர்வகுடிகள் நெடுங்காலமாகச் சொல்லி வந்தனர். 2017ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை அவர்கள் கூற்றுகளைத் தொகுத்து வெளியிட்டது. நம் கரையோரத்துப் பருந்துகள்மீது அத்தகைய குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இங்கே பழி மனிதனையே சாரும்.

இப்பறவைகள் விருந்துண்டு கலைந்து செல்வன. அவற்றிற்குப்பின் வருகிறவையே குடியேறுவன.

குடியேறுவோரில் முதன்மையானது ஆள்காட்டி. இதில் இரண்டு வகை இங்கே உண்டு. கண்ணின் முன்னே சிவந்த தசைமடிப்பு உடையது நீர்நிலைகளின் அருகை விரும்பும்; மஞ்சள் தசைமடிப்பு உடையது வறண்ட மேட்டு நிலத்தை விரும்பும். இரண்டும் பங்குனி முதல் ஆனி வரையிலான காலத்தில் மிகுதியாக முட்டையிடுகின்றன. கூடு என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லை. தரையில் உள்ளங்கை அளவு பள்ளம், சுற்றிலும் சில கூழாங்கற்கள் அல்லது ஆட்டுப் புழுக்கைகள், நடுவே கூரிய முனைகள் உள்நோக்கிய நான்கு முட்டைகள், அவ்வளவே. முட்டையின் மண்ணிறத்தில் கரும்புள்ளிகள் இறைந்திருப்பதால், ஐந்தடி தூரத்தில் நிற்பவனுக்கும் அது புலப்படாது.

இத்தகைய பறவைக்கு வெட்டவெளி ஏன் வேண்டும் என்பதை இப்பொழுது எளிதில் உணரலாம். மரத்திற் கூடு கட்டும் பறவை இலைமறைவை நம்புகிறது. தரையில் முட்டையிடும் பறவையோ தன் கண்ணை நம்புகிறது. கீரி, நரி, நாய், பாம்பு, காக்கை, மனிதன் என்று எது வந்தாலும் தூரத்திலேயே அது தென்படல் வேண்டும். தென்பட்டவுடன் பறவை முட்டையைவிட்டு ஓசையின்றி நடந்து விலகி, வேறோர் இடத்திலிருந்து எழும்பிக் கூவி, வந்தவனைத் திசைதிருப்பும். அடர்ந்த புல்லில் இந்த உபாயம் பலிக்காது. கீரி இரண்டடி தூரத்திற்கு வந்தபின்பே தெரியும். மேலும் முட்டையின் நிறம் மண்ணோடும் கல்லோடும் ஒத்தது. பச்சைப் புல்லில் அது வெளிப்படையாகிவிடும். ஆகவே புல்லற்ற தரையே அதற்குக் கோட்டை. அப்படிப்பட்ட தரை தீயினால் உண்டாயிற்றா, ஏரினால் உண்டாயிற்றா, கோடரியினால் உண்டாயிற்றா என்பது பறவைக்கு ஒரு பொருட்டன்று. இது பின்னே முக்கியமாகும்.

கருந்தரையில் ஒரு தொல்லை உண்டு. சித்திரை வெயிலில் அது வெண்மணலினும் அதிகமாகக் கொதிக்கும். அடைகாத்தல் என்றால் சூடேற்றுதல் என்று நாம் எண்ணுகிறோம். நண்பகலில் ஆள்காட்டியின் வேலை முட்டையைக் குளிர்விப்பதே ஆகும். ஆணும் பெண்ணும் மாறிமாறி முட்டையின்மேல் நிழலாக நிற்கின்றன. அருகிலுள்ள நீருக்குச் சென்று வயிற்றிறகுகளை நன்றாக நனைத்துக்கொண்டு வந்து முட்டையின்மேல் அமர்வதும் உண்டு. ஏறத்தாழ இருபத்தெட்டு நாள் இவ்வாறு காத்தபின் குஞ்சுகள் வெளிவருகின்றன. அவை பிறந்த அன்றோ மறுநாளோ கூட்டைவிட்டு ஓடித் தாமே இரை பொறுக்கத் தொடங்கிவிடும். விவசாயி ஒரு கூட்டிற்கு இடங்கொடுக்க வேண்டிய காலம், ஆகையால், அதிகபட்சம் ஒரு மாதமே.

பஞ்சதந்திரக் கதையில், கடற்கரையில் முட்டையிட்டுக் கடலோடு வழக்காடிய பறவை இந்த ஆள்காட்டியின் இனமே எனக் கொள்ளப்படுகிறது. கதையில் முட்டையைக் கொண்டுபோனது அலை. திருவிடந்தைக் கரையில் அலையைக் காட்டிலும் நாயும் டிராக்டரும் அதிகம் கொண்டுபோகின்றன.

ஆள்காட்டியோடு வேறு சிலவும் வருகின்றன. சாம்பல் தலை வானம்பாடி, சிட்டுக்குருவியினும் சற்றுச் சிறியது. ஆண்பறவை செங்குத்தாக மேலெழுந்து சீழ்க்கையொலியோடு சரிந்து இறங்குவதைக் கொல்லைகளிற் காணலாம். ஒரு மண்கட்டியின் அல்லது கருகிய புற்குத்தின் ஓரத்தில் சிறு கிண்ணம்போற் குழித்து இரண்டு மூன்று முட்டையிடும். பக்கி என்னும் இரவுப்பறவை பள்ளங்கூடத் தோண்டாமல் வெறுந்தரையில் இரண்டு முட்டையிட்டு, பகலெல்லாம் காய்ந்த இலைபோல் அசையாது கிடக்கும். கண்கிலேடியும் வெறுந்தரையில் இரண்டு முட்டையிடுவது. அந்தி மயங்கியபின் வண்டும் பூச்சியும் வேட்டையாடும். கௌதாரி மட்டும் கருந்தரையின் நடுவே வருவதில்லை. தீ எட்டாது தப்பிய புதர் விளிம்பில் ஆறு முதல் எட்டு முட்டை வரை இட்டு, குஞ்சுகளை வெட்டவெளிக்கு அழைத்துவந்து கறையானும் விதையும் பொறுக்க விடுகிறது. தீ முழுவதையும் எரிக்காமல் திட்டுத்திட்டாக விட்டுச் சென்ற இடங்களில் பறவை வகைகள் மிகுவதற்கு இதுவே காரணம். கூட்டிற்கு மறைவும் இரைக்கு வெளியும் பக்கத்திற் பக்கத்தில் கிடைக்கின்றன.

வேற்றிடங்களிற் கண்டவை

இச்செய்தி இந்தக் கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் டெம்மிங்க் என்பவரின் பெயரால் வழங்கும் ஒரு சிறு ஓட்டப்பறவை, தீப்பட்ட நிலத்தைத் தேடித் திரிந்து அங்கேயே முட்டையிடுகிறது. அதன் முட்டை கரிந்த தரைக்கு ஒத்தபடி மிகவும் கறுத்த நிறமுடையது. அஸ்ஸாமில் காஜிரங்கா, மானஸ் முதலிய சரணாலயங்களில் அருகி வாழும் வங்காள வரகுக்கோழியின் சேவல், மாசி பங்குனியில் புதிதாக எரிக்கப்பட்டுக் குறுகிய புல் துளிர்த்த இடத்தில் எம்பி எம்பிப் பறந்து பெடையை அழைக்கும். பெடையோ அருகே உயர்ந்த புல்லுள்ள இடத்தில் முட்டையிடுகிறது. ஆகவே காலத்தோடு, பகுதி பகுதியாக எரித்தால் அப்பறவைக்கு நன்மை. முட்டையிட்ட பின்பு எரித்தால் அதே தீ நாசகாலம். நெருப்பு ஒன்றே, நாள்தான் வேறு.

இதனினும் ஆழ்ந்து ஆராயத்தக்கது அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் மாகாணத்துக் கதை. அங்கே கிர்ட்லண்டுச் சிட்டு என்னும் சிறு பறவை, ஒருவகைக் குட்டைப் பைன் மரத்தின் இளங்காட்டில், ஏறத்தாழ ஐந்து முதல் இருபது வயது வரையுள்ள மரங்களின் தாழ்ந்த கிளைகளின் அடியிலே தரையிற் கூடு கட்டுவது. அந்தப் பைனின் காய்கள் தீயின் சூட்டில் திறந்து விதையை உதிர்ப்பன. காட்டுத்தீயை அடக்கும் வித்தை தேர்ச்சியடைந்தபின் இளங்காடு குறைந்தது, பறவையும் குறைந்தது. 1974ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பாடும் ஆண்பறவைகள் 167 மட்டுமே இருந்தன. ஆகவே காட்டிலாகாவினர் அப்பறவைக்கு இடம் உண்டாக்கும் பொருட்டுத் தாமே ஒரு தீயை மூட்டினர். 1980ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் தேதி மூட்டிய அத்தீ காற்றில் கைமீறிப் போய் ஏறத்தாழ 24,000 ஏக்கரை எரித்தது. காட்டிலாகாவைச் சேர்ந்த ஒருவர் உயிரிழந்தார். வீடுகள் பலவும் அழிந்தன. சில ஆண்டுகள் கழித்து அந்த எரிந்த பூமியில் இளம்பைன் தழைத்தபோது பறவைகள் கூட்டங்கூட்டமாக அங்கே குடியேறின என்பதும் உண்மையே. 1987இலும் 167ஆகவே நின்ற கணக்கு அதன்பின் ஏறத்தொடங்கியது. 2019ஆம் ஆண்டு அப்பறவை அழிவுநிலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

இக்கதையில் நமக்குப் பயன்படும் பகுதி அதன் பிற்பாதி. பேரழிவைக் கண்டபின் அந்நாட்டார் தீயைப் பெரும்பாலும் கைவிட்டு, முதிர்ந்த பைனைப் பகுதி பகுதியாக வெட்டி விற்று, அவ்விடத்தில் கன்று நட்டு, இடையிடையே வெளிவிட்டு, அதே இளங்காட்டை உண்டாக்கி வருகின்றனர். பறவை அதை ஏற்றுக்கொண்டது. அதற்கு வேண்டியது நெருப்பன்று, நெருப்பு உண்டாக்கும் வெளியே என்பது இதனால் தெளிவாகிறது.

செங்கற்பட்டுக் கடலோரத்துச் சவுக்குக் குடியானவர் இவ்வேலையைத் தம்மையறியாமலே செய்து வருகின்றனர். சவுக்கை நான்கு முதல் ஆறு ஆண்டுக்குள் வெட்டுவது வழக்கம். தை முதல் சித்திரைக்குள் வெட்டிய தோப்பு, மறுநடவுக்கு ஐப்பசி மழை வரும்வரை வெறிச்சென்று கிடக்கும். பறவை கூடுகட்டும் காலம் அந்த இடைவெளிக்குள் முழுவதும் அடங்கிவிடுகிறது. தோப்பை ஒரேயடியாக வெட்டாமல் ஆண்டுக்கு ஒரு பாகமாக வெட்டுகிறவரிடம், எப்பொழுதும் ஒரு பாகம் வெளியாகவும் ஒரு பாகம் மறைவாகவும் இருக்கும். விறகுப் பணமும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும். இங்கே கெடுப்பது வெட்டு அன்று. வெட்டியபின் சருகுக்கு வைக்கும் நெருப்பே, அதுவும் பங்குனிக்குப்பின் வைக்கும் நெருப்பு.

பயிருக்கு என்ன லாபம்

பூசாவிலிருந்த இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மேசன், மாக்ஸ்வெல் லெப்ராய் என்னும் இருவர் பறவைகளின் இரைப்பைகளைத் திறந்து ஆராய்ந்து, எந்தப் பறவை எதை உண்கிறது என்பதை 1912ஆம் ஆண்டு ஒரு நூலாக வெளியிட்டனர். ஊகத்தை நீக்கி உள்ளதைக் காட்டிய அந்த வேலைக்கு இன்றும் மதிப்பு உண்டு. பனங்காடையின் உணவு பெரும்பாலும் வண்டு, வெட்டுக்கிளி, பாச்சை முதலிய பூச்சிகளே. கரிச்சானும் அப்படியே. ஆள்காட்டியும் கண்கிலேடியும் தரையிலுள்ள வண்டு, எறும்பு, கறையான், புழு முதலியவற்றைத் தின்கின்றன. பக்கி இரவில் அந்துகளைப் பறந்துகொண்டே பிடிப்பது.

மணிலாக்கொட்டைக்குப் பெருஞ்சேதம் செய்யும் சிவப்புக் கம்பளிப்புழுவின் வாழ்க்கையை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. இப்புழு பயிரைத் தின்று பெருத்தபின், மண்ணிற்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, வரப்பின் அடியிலும் மரநிழலிலும் மாதக்கணக்காக உறங்குகிறது. அடுத்த ஆண்டின் நல்ல மழை விழுந்த சில நாளில் அந்தாக வெளிவந்து முட்டையிடுகிறது. புழுக்கள் சிறிது வளர்ந்தபின் பட்டாளம்போல் ஒரு கொல்லையைத் தீர்த்து மறு கொல்லைக்குப் போகும். கோடை உழவு செய்து கூட்டுப்புழுவை மேலே புரட்டிப்போட வேண்டும் என்று விவசாய இலாகா நெடுங்காலமாக வற்புறுத்தி வருவது இதன்பொருட்டே. ஆனால் புரட்டிப்போட்ட கூட்டுப்புழுவை வெயில் ஒரு பங்குதான் கொல்லுகிறது; மற்றதைப் பொறுக்க மைனாவும், கரிச்சானும், கொக்கும், ஆள்காட்டியும் வரவேண்டும். ஏருக்குப்பின் பறவை வராத கொல்லையில் உழவின் பயன் குறைகிறது.

பனங்காடைக்கு வேண்டுவது தரையன்று, பொந்து. குருத்தற்றுப்போன மொட்டைப்பனையின் உச்சியிலோ பக்கத்திலோ உண்டான பொந்தில் பங்குனி முதல் ஆனிக்குள் மூன்று முதல் ஐந்து முட்டை வரை இடுகிறது. கிளி, மைனா, புள்ளி ஆந்தை ஆகியவையும் இப்பொந்துகளுக்குப் போட்டியிடும். ஆந்தையின் உணவில் வண்டும் சுண்டெலியும் உண்டு. தீப்பட்ட பின்பு கொல்லையைத் துப்புரவு செய்யும் ஆர்வத்தில் முதலில் வெட்டுண்பது இந்த மொட்டைப்பனையே. அதன் விறகு மதிப்பு சொற்பம். அதை நிறுத்தி வைத்தால், பயிர் உள்ள காலத்தில் விவசாயி கழிகளை நட்டு அமைக்கும் பறவைத் தாங்கிகளின் வேலையையும் அதுவே ஓரளவு செய்யும்.

பறவைகள் யாவும் நன்மையே செய்கின்றன என்று சொல்வதற்கில்லை. கிளி சோளக்கதிரைக் கெடுக்கும். கௌதாரி விதைத்த விதையையும் பொறுக்கும். கரிச்சான் தேனீயையும் பிடிக்கும். கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், தரையிற் கூடுகட்டும் இவ்வினங்களால் நட்டம் மிகச் சிறிது.

உழவும் தீயும் நேரும் நாட்கள்

இடர் எங்கே எனில், நாட்களின் ஒற்றுமையில். சித்திரையில் ஒரு கோடைமழை பெய்தால் அடுத்த நாளே ஏரோ டிராக்டரோ பூட்டப்படும். அப்படிப் பூட்டுவதும் நியாயமே, ஈரம் காத்திராது. அந்நாளில்தான் ஆள்காட்டியின் முட்டைகள் பாதி அடைகாத்த நிலையில் இருக்கும். மாட்டு ஏர் ஓட்டிய காலத்தில் உழுபவன் தரையைப் பார்த்து நடந்தான். பறவை கூவினால் நின்று பார்த்து ஒரு சால் ஒதுக்கிவிட அவனால் முடிந்தது. டிராக்டரின் இரைச்சலில் பறவையின் கூக்குரலும் கேட்பதில்லை, அதன் உயரத்திலிருந்து முட்டையும் தெரிவதில்லை.

இதற்குப் பெரிய உபாயம் எதுவும் தேவையில்லை. உழவுக்கு முதல்நாள் மாலையில் கொல்லையைச் சுற்றி ஒருமுறை நடந்தால், ஆள்காட்டி தானே தன் இருப்பைத் தெரிவித்துவிடும். அது தலைக்குமேல் வந்து கூவினால் கூடு அருகில் என்றும், தரையில் நொண்டிபோல் இழுத்து நடந்தால் மிக அருகில் என்றும் கொள்ளலாம். சற்று ஒதுங்கி நின்றால் அது திரும்பி நடந்துவந்து முட்டையின்மேல் அமரும் இடம் தெரியும். கூட்டின் மேலேயே குச்சி நட்டால் காக்கைக்கு அடையாளம் காட்டியதாகும். ஆகையால் உழவுசால் ஓடும் திசையில், முன்னும் பின்னும் சில அடி தள்ளி ஒவ்வொரு குச்சி நட்டு, இரண்டுக்கும் இடையே ஏரைத் தூக்கிவிட வேண்டும். பாய் அளவு இடம் உழாமல் நின்றால் போதும். மழையை எதிர்பாராமல் உழத்தக்க இளமண்ணாயின், மாசிக்குள்ளேயே உழுதுவிடுதல் எல்லாவற்றினும் மேல். அவ்வாறு உழுத கட்டிகளின் இடையே பறவை பின்னர் வந்து அச்சமின்றி முட்டையிடும்.

நெருப்பைப் பற்றியும் அப்படியே. சவுக்குச் சருகையும் குப்பையையும் எரித்தே தீரவேண்டுமாயின், மாசிக்கு முன்னரே, வெறுந்தரையிற் சிறு குவியலாகச் சேர்த்து, காலையில், கடற்காற்று எழுவதற்கு முன் எரித்து நீர் தெளித்துவிடுதல் வேண்டும். தோப்பைச் சுற்றிப் பத்தடி அகலத்திற்குச் சருகை வாரி வெளிவிட்டால் அயலார் தீ உள்ளே வராது. வாரிய சருகை எரிக்காமல் எருக்குழியிற் சாணத்தோடு கலந்து மக்கவைப்பது இன்னும் நல்லது. மதுராந்தகம், படாளம் பக்கத்துக் கரும்புக் குடியானவர்களில், மறுதாம்புக்கு முன் சோகையை எரிப்பதை விட்டு, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பரப்பி ஈரங்காக்கத் தொடங்கியவர்கள் அதன் பலனை அறிவர். ஏக்கருக்கு மூன்று நான்கு டன் சோகை உதிரும் பயிரில் அதை எரிப்பது எருவை எரிப்பதற்குச் சமானம்.

சட்டமும் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. 1882ஆம் ஆண்டின் வனச்சட்டத்தின்படி, ரிசர்வ் காட்டிலும் அதற்கு அபாயம் விளையும்படி அருகிலும் தீ வைப்பது குற்றம். 1972ஆம் ஆண்டின் வனஜீவிகள் பாதுகாப்புச் சட்டம், காட்டுப்பறவைகளின் முட்டையையும் கூட்டையும் வேண்டுமென்றே அழிப்பதை வேட்டையாடுதலோடு சேர்த்தே கருதுகிறது. கௌதாரியைக் கண்ணிவைத்துப் பிடித்து விற்பதும் அவ்வாறே தண்டனைக்குரியது. தீப்பட்ட வெளியில் கண்ணி வைப்பது எளிது. தீ வைப்போரிற் சிலர் அதற்காகவே வைக்கின்றனர் என்னும் ஐயமும் ஆதாரமற்றதன்று.

ஆயினும் சட்டத்தைக் காட்டிலும் பழையதோர் ஏற்பாடு இந்த ஜில்லாவிலேயே உண்டு. மதுராந்தகத்தைச் சேர்ந்த வேடந்தாங்கலில், ஏரியிலுள்ள நீர்க்கடம்ப மரங்களில் ஆண்டுதோறும் கூடுகட்டவரும் நீர்ப்பறவைகளை யாரும் சுடலாகாது என்று கிராமத்தார் முறையிட்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்பவரிடம் கௌல் பெற்றனர். அது 1858இல் புதுப்பிக்கப்பட்டது. 1936இல் அவ்விடம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. கிராமத்தார் பறவையைக் காத்தது பறவையின் அழகுக்காக மட்டுமன்று. எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்குப் பாயும்போது நெல் செழிப்பதைக் கண்டே காத்தனர். ஏரிப்பறவை ஆயிரக்கணக்கில் ஓரிடத்திற் கூடுவதால் அதன் பயன் கண்ணுக்குத் தெரிந்தது. மணற்கொல்லையில் ஏக்கருக்கு ஒரு ஜோடியாகச் சிதறி வாழும் ஆள்காட்டிக்கும் வானம்பாடிக்கும் கௌல் கேட்போர் இல்லை. அவற்றின் வேலையோ ஒன்றும் குறைந்ததன்று.

இக்குடியிருப்பு நெடுநாள் நீடிப்பதும் இல்லை. ஆடி ஆவணியில் விட்டுவிட்டுப் பெய்யும் மழையிலேயே கோரையும் அறுகும் கருப்பை மறைக்கத் தொடங்கும். ஐப்பசி அடைமழையில் பூமி முழுதும் முழங்கால் அளவு புல்லாகும். அப்பொழுது ஆள்காட்டிகள் குஞ்சுகளோடு கூட்டமாகக் கால்வாய்க் கரைக்கும் ஏரி விளிம்புக்கும் பெயர்ந்துவிடும். புல் முற்றி விதை உதிர்ந்தால் தினைக்குருவிகள் வரும். மறுவருஷம் எரியாது விட்டால் காரையும் சூரையும் அடியிலிருந்து கிளைத்துப் புதராகி, கொண்டைக்குருவிக்கும் தவிட்டுக்குருவிக்கும் இடமாகும். மூன்றாம் வருஷத்தில், அடியிற் கரியேறிய பனைகளைத் தவிர, அங்கே ஒரு காலத்தில் தீ ஓடியதற்கு அடையாளம் எதுவும் இராது. ஆள்காட்டி அப்பொழுது வேறெங்கேனும் புதிதாக வெட்டிய தோப்பிலோ, உழுது போட்ட கொல்லையிலோ கூவிக்கொண்டிருக்கும்.